மேசைமேல் ஓர் ஆய்வுகூடம்: வீட்டில் ஆக்கிய வானொலிக் கருவிகளும் ஒற்றைப் பக்கப் பட்டைக் குரலும்

விஞ்ஞானத்தின் வரலாறு பெரும்பாலும் கண்டுபிடிப்புகளின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. இன்ன ஆண்டில் இன்னார் இன்னதைக் கண்டார் என்ற வரிசை முறையிலே, கண்டறியப்பட்ட பொருள் பிறர் கைக்கு எவ்வாறு வந்து சேர்ந்தது என்ற வினா எழுப்பப்படாமலே போய்விடுகின்றது. ஒரு கருத்துப் பிறப்பதற்கும் அக்கருத்தைச் சாதாரண மனிதனொருவன் தன் வீட்டு மேசையில் வைத்துச் செயற்படுத்துவதற்கும் இடையே பல பத்தாண்டுகள் கழிந்துவிடுதல் உண்டு. அந்த இடைவெளியில் நடந்தது என்ன என்பதை ஆராய்வதற்குப் பொழுதுபோக்கு வானொலியின் வரலாறு மிக ஏற்றதொரு களமாகும்.

‘ஹாம்’ என்று உலகெங்கும் அழைக்கப்படும் பொழுதுபோக்கு வானொலியாளர், அரசின் அனுமதிப் பத்திரம் பெற்று, ஊதியம் கருதாது, தமக்கென ஒதுக்கப்பட்ட அலைவரிசைகளிலே ஒருவரோடொருவர் தொடர்பு கொள்பவர். செலுத்தியும் வாங்கியும் ஒன்றாயமைந்த திரான்சீவரைத் தம் கையாலேயே கட்டும் வழக்கம் அவரிடையே நெடுங்காலம் நிலவியது. ஆயின், கருவியொன்றை இணைத்து முடித்தல் வேறு. அதனைப் பேசவைத்தல் வேறு. உறுப்புகளெல்லாம் உரிய இடத்தில் பொருத்தப்பட்ட பின்னரும், சுருள்களையும் மாறுங் கொள்ளளவிகளையும் தடைகளையும் சிறிது சிறிதாகத் திருப்பி, ஒவ்வொரு பகுதியையும் மற்றதனோடு பொருந்தச் செய்தல் வேண்டும். இச்செயலையே இங்கு இசைவாக்கல் என்கிறோம். குரலைச் சுமந்து செல்லும் ஒற்றைப் பக்கப் பட்டை முறையின் வரலாறு, நுணுகி நோக்கின், இசைவாக்கும் ஆற்றல் பெருநிறுவனத்தின் ஆய்வுகூடத்திலிருந்து வீட்டு மேசைக்கு இறங்கி வந்த வரலாறேயாகும்.

காவி அலையும் அதன் சுமையும்

1900ஆம் ஆண்டின் இறுதியில் ரெஜினால்ட் பெசென்டன் என்பார் ஐக்கிய அமெரிக்காவிலே மனிதக் குரலை ஏறக்குறைய ஒரு மைல் தூரத்திற்குக் கம்பியின்றி அனுப்பினார். அதன்பின் வால்வுகள் பெருகவே, குரலை அனுப்பும் பொது முறையாக வீச்சப் பண்பேற்றம் நிலைபெற்றது. இம்முறையிலே மாறா மீடிறனுடைய காவி அலையொன்றின் வீச்சம், பேச்சுக்கேற்பக் கூட்டியும் குறைத்தும் மாற்றப்படுகின்றது. இதன் விளைவாகக் காவி அலையின் இருமருங்கிலும், ஒன்றின் கண்ணாடி விம்பம் போன்று மற்றது அமைய, இரு பக்கப் பட்டைகள் தோன்றுகின்றன. பேசப்பட்ட செய்தி முழுவதும் இப்பக்கப் பட்டைகளிலேயே அடங்கியுள்ளது. காவி அலை தன்னளவில் எச்செய்தியையும் கொண்டிருப்பதில்லை.

இங்கேதான் இம்முறையின் குறைபாடு உள்ளது. பண்பேற்றம் முழு அளவை அடையும்போது கூட, செலுத்தப்படும் வலுவில் மூன்றில் இரண்டு பங்கு காவி அலைக்கே சென்றுவிடுகின்றது. எஞ்சிய ஒரு பங்கை இரு பட்டைகளும் சமமாகப் பகிர்ந்து கொள்கின்றன. 150 வாற்று அனுப்பப்படுமாயின், 100 வாற்று வெறுங் காவி அலையாகவும், 25 வாற்று வீதம் ஒரே செய்தியின் இரு பிரதிகளாகவும் செல்லும். ஒரு பிரதியே போதுமாதலால், பயன்தரும் பங்கு ஆறில் ஒன்றேயாகும். இதற்கு மேலாக, இருவர் ஒரே வேளையில் அருகருகே பேசும்போது அவர்தம் காவி அலைகள் ஒன்றோடொன்று மோதிக் கீச்சொலி எழுப்பி, இருவர் பேச்சையும் கெடுத்துவிடும்.

அமெரிக்கத் தொலைபேசி நிறுவனத்தில் பணியாற்றிய ஜோன் கார்சன் என்னும் கணிதத் திறனாளர், காவி அலையையும் ஒரு பக்கப் பட்டையையும் நீக்கிவிட்டு, எஞ்சிய ஒரு பட்டையை மாத்திரம் அனுப்பினாற் போதும் என்பதை விளக்கி 1915ஆம் ஆண்டிலே காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். அது 1923இல் வழங்கப்பட்டது. 1927 சனவரி 7ஆம் நாள் நியூயோர்க்குக்கும் இலண்டனுக்குமிடையே தொடங்கப்பெற்ற வானொலித் தொலைபேசிச் சேவை இம்முறையையே கையாண்டது. மூன்று நிமிட உரையாடலுக்கு அன்று 75 டொலர் கட்டணம் அறவிடப்பட்டது என்பதிலிருந்து, அக்குரல் யாருக்குரியதாயிருந்தது என்பதை உய்த்துணரலாம்.

இருபது ஆண்டுத் தாமதம்

கார்சனின் கருத்து அச்சில் வெளிவந்திருந்தது. ஆயினும், 1930களில் கலிபோர்ணியாவைச் சேர்ந்த ராபேட் மூர் முதலிய ஒரு சிலரின் முயற்சிகள் நீங்கலாக, இரண்டாம் உலகப்போர் முடியும்வரை பொழுதுபோக்கு வானொலியாளர் இம்முறையைப் பரவலாக ஏற்றுக்கொள்ளவில்லை. இத்தாமதத்துக்குக் காரணம் அறியாமை எனக் கூறுதல் பொருந்தாது. காரணம் அளவையியல் சார்ந்தது.

காவி அலை இன்றி வரும் பட்டையைப் பேச்சாக மீட்க வேண்டுமாயின், வாங்கியிலுள்ள அலையம் ஒன்று, நீக்கப்பட்ட காவி அலையை அதன் பழைய இடத்திலேயே மீளவும் வைத்தல் வேண்டும். அந்த இடம் 50 ஹேட்ஸ் அளவு பிசகினாலே குரலின் இயல்பு மாறத் தொடங்கும். 200 அல்லது 300 ஹேட்ஸ் பிசகுமாயின் பேசுபவர் குரல் வாத்தின் கத்தலாகவோ குகைக்குள்ளிருந்து எழும் முனகலாகவோ கேட்கும். அத்திலாந்திக் தொலைபேசிச் சேவை ஏறத்தாழ 60 கிலோஹேட்ஸ் மீடிறனில் நடைபெற்றது. அங்கு 50 ஹேட்ஸ் என்பது 1200இல் ஒரு பங்கு. பொழுதுபோக்கு வானொலியாளரின் 14 மெகாஹேட்ஸ் அலைவரிசையிலோ அதே 50 ஹேட்ஸ் என்பது 280,000இல் ஒரு பங்கு. வீட்டில் ஆக்கிய கருவியிலே இத்துணை உறுதியை எய்துதல் அன்று பெரும்பாலோர்க்கு இயலாததொன்றாயிருந்தது. யாரால் அளக்க முடியும் என்பதே யாரால் பேச முடியும் என்பதைத் தீர்மானித்தது எனலாம்.

போர் இந்நிலையை மாற்றியது. 1947ஆம் ஆண்டிலே ஸ்ரான்போர்ட் பல்கலைக்கழகத்தின் மாணவர் வானொலி நிலையம், ஒஸ்வல்ட் வில்லார்ட் என்பாரின் முயற்சியால் ஒற்றைப் பக்கப் பட்டையில் ஒலிக்கத் தொடங்கியது. 1948ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அமெரிக்கப் பொழுதுபோக்கு வானொலியாளரின் சஞ்சிகையில் இதுபற்றிய கட்டுரைகள் வெளிவந்தன. பல்கலைக்கழக மாணவர் கழகமொன்றின் மேசையிலிருந்து இம்முறை புத்துயிர் பெற்றது என்பது மனங்கொள்ளத்தக்கது.

இரு வழிகள்

வேண்டாத பக்கப் பட்டையை நீக்குவதற்கு அன்று இரு வழிகள் போட்டியிட்டன. இரண்டுக்கும் பொதுவான முதற்படி சமநிலைப் பண்பேற்றியாகும். காவி அலையை இரு சம பாதைகளில் எதிரெதிராகச் செலுத்தினால் அது தன்னைத்தானே அழித்துக்கொள்ளும். பேச்சினால் விளைந்த பக்கப் பட்டைகள் மாத்திரம் வெளிவரும். இரு பாதைகளும் முற்றிலும் சமமாய் அமைவது அரிதாகையால், மாறுந் தடையொன்றினால் வீச்சத்தையும், சிறு கொள்ளளவியொன்றினால் அவத்தையையும் சரிசெய்தல் வேண்டும். ஒன்றைத் திருத்தினால் மற்றது சிறிது குலையும். ஆதலால் இரண்டையும் மாறிமாறிப் பலமுறை தொட்டே மிகக் குறைந்த நிலையை அடையலாம்.

முதலாவது வழியாகிய அவத்தை முறையிலே, பேச்சலையும் காவி அலையும் தனித்தனியே 90 பாகை இடைவெளியுள்ள இரு கூறுகளாகப் பிரிக்கப்பட்டு, இரு சமநிலைப் பண்பேற்றிகளில் இணைக்கப்படுகின்றன. ஒரு பட்டை இரட்டிக்க, மற்றது மறைகின்றது. ஜெனரல் இலெக்ரிக் நிறுவனம் பொழுதுபோக்கு வானொலியாளருக்காக வெளியிட்ட இதழிலே 1950ஆம் ஆண்டில் இவ்வகையிலான சிறு செலுத்தியொன்று விளக்கப்பட்டது. மூன்றே வால்வுகளைக் கொண்ட அக்கருவி பலரைக் கவர்ந்தது. விலையுயர்ந்த வடிகட்டி இம்முறைக்கு வேண்டியதில்லை. ஆனால், அவத்தை ஒரு பாகை பிசகினாலே வேண்டாத பட்டை ஏறத்தாழப் பதினாயிரத்தில் ஒரு பங்கு வலுவுடன் தலைகாட்டும். பிசகு கூடக் கூட அப்பங்கு விரைந்து வளரும். பணத்தின் இடத்தைப் பொறுமை பிடித்துக்கொண்டது என இதனை விளக்கலாம்.

இரண்டாவது வழி வடிகட்டி முறையாகும். போர்க்காலத்தில் இராணுவ வானொலிகளுக்காகப் பெருந்தொகையாகச் செய்யப்பட்ட பளிங்குகள் போருக்குப்பின் மலிவு விலையில் சந்தைக்கு வந்தன. 400 கிலோஹேட்ஸ் அளவில் அதிரும் அப்பளிங்குகளுட் பொருத்தமானவற்றைத் தெரிந்தெடுத்து, தேவைப்படின் அவற்றின் விளிம்பை மெல்லத் தேய்த்து மீடிறனைச் சிறிது உயர்த்தி, வீட்டிலேயே வடிகட்டி அமைத்தோர் பலர். போருக்காக உருவான பொருள் உரையாடலுக்குப் பயன்பட்ட விந்தையை இங்குக் காண்கிறோம்.

வடிகட்டி முறையில் குரலின் தரத்தைத் தீர்மானிப்பது காவி அலையத்தின் இடமாகும். வடிகட்டி ஏறக்குறைய 2.4 கிலோஹேட்ஸ் அகலமான ஒரு வாயிலைத் திறந்து வைத்திருக்கிறது எனக் கொண்டால், காவி அலை அவ்வாயிலின் ஓரத்திற்குச் சற்றே வெளியில் நிற்றல் வேண்டும். மிக விலகி நின்றால் குரலின் அடித்தொனிகள் வாயிலுக்குள் நுழையமாட்டா. பேச்சு மெலிந்து தகரத்தில் தட்டியது போலாகும். மிக நெருங்கி நின்றால் காவி அலையும் வேண்டாத பட்டையின் ஒரு பகுதியும் உள்ளே கசியும். சரியான இடத்தைக் காட்டும் மீற்றர் பெரும்பாலோரிடம் இருக்கவில்லை. கருவியைப் போலிச் சுமையில் இயக்கி, வேறொரு வாங்கியில் தன் குரலைத் தானே கேட்டு, கொள்ளளவியைச் சிறிது சிறிதாகத் திருப்பி இடத்தை அறிந்தனர். சாதாரண மின்குமிழே பல வீடுகளில் போலிச் சுமையாகப் பயன்பட்டது. அது பேச்சுக்கேற்ப ஒளிர்ந்து மங்குவதே முதலாவது வெற்றியின் அடையாளமாயிற்று.

அயலார்க்குச் செய்யும் கடமை

இசைவாக்கலின் இறுதிப் படி வலுப்பெருக்கியைச் சார்ந்தது. வீச்சப் பண்பேற்றச் செலுத்தியின் இறுதி வால்வு, உள்வரும் அலையின் வடிவத்தைப் பேணவேண்டிய தேவையின்றி இயங்கக்கூடியது. ஒற்றைப் பக்கப் பட்டையிலோ பேச்சின் ஏற்றத்தாழ்வுகள் யாவும் வடிவங்குன்றாது பெருக்கப்படல் வேண்டும். பேச்சு இல்லாத வேளையிலும் சிறிதளவு மின்னோட்டம் ஓடுமாறு வால்வின் ஓய்வு நிலையை அமைத்தலும், உச்ச நிலையில் அதனை அளவுக்கு மீறித் தூண்டாதிருத்தலும் இன்றியமையாதன. இவற்றைப் புறக்கணித்தவரின் குரல் தனக்குரிய 3 கிலோஹேட்ஸுக்குள் அடங்காது இருபக்கமும் சிதறி, அயலார் பேச்சைக் குலைத்தது. இரு தொனிகளை ஒருங்கே செலுத்தி, அலைகாட்டியில் உறையின் உச்சி தட்டையாகின்றதா எனப் பார்க்கும் சோதனை இதற்காகவே தோன்றியது.

இங்குக் கவனிக்க வேண்டிய உண்மை ஒன்றுண்டு. சிதறும் குரலால் துன்புறுபவர் பேசுபவரல்லர். அவருக்கு அது கேட்பதேயில்லை. ஆதலால் இசைவாக்கல் தன் வசதிக்காகச் செய்யும் செயலன்றி, பொதுவெளியைப் பகிர்ந்துகொள்பவர் ஒருவருக்கொருவர் ஆற்றும் கடமையாகவும் விளங்கியது. மறுமுனையிலிருப்பவர் முகத்துக்காகப் புகழாது, கேட்டதைக் கேட்டவாறு சொல்லும் அறிக்கை இக்கடமையின் மறுபாதியாகும். அலைகாட்டி வாங்க வழியில்லாதவர்க்கு அயலாரின் நேர்மையான செவியே அளவுகருவியாயிற்று.

1950களில் இம்முறைக்கு எதிர்ப்பும் எழுந்தது. பழைய முறையினர், வாத்துக் கத்தலென இதனை எள்ளி நகையாடினர். ஆயினும், குறைந்த வலுவில் நெடுந்தூரம் எட்டும் ஆற்றலும், பாதியிலும் குறைந்த இடத்தில் அடங்கும் சிக்கனமும் அதன் பக்கம் இருந்தன. 1960களின் நடுப்பகுதிக்குள் சிற்றலைகளில் பழைய முறை சிறுபான்மையாகிவிட்டது.

திரான்சீவரும் மூடிய பெட்டியும்

1957இல் கொலின்ஸ் நிறுவனம் வெளியிட்ட திரான்சீவர் புதியதொரு போக்கைத் தொடக்கி வைத்தது. செலுத்துவதற்கும் வாங்குவதற்கும் ஒரே வடிகட்டியும் ஒரே அலையங்களும் பயன்படுமாறு அது அமைந்திருந்தது. இசைவாக்கலின் நோக்கில் இது பெரும் மாற்றமாகும். பிறர் குரல் இயல்பாகக் கேட்குமாறு வாங்கியைச் சரிசெய்துவிட்டால், அதே வடிகட்டியினூடாக அதே காவி அலையத்தைக்கொண்டு செல்லும் தன் குரலும் இயல்பாகவே இருக்கும். செலுத்தியைச் சரிபார்க்க வேண்டிய உழைப்பின் பெரும்பகுதி வாங்கியிலேயே முடிந்துவிடுகின்றது. செவி முன்னிலும் வலிய கருவியாயிற்று.

ஹீத்கிற் நிறுவனம் 1960களில் விற்ற கட்டுத்தொகுதிகள், ஒவ்வொரு படியையும் எழுத்தில் விளக்கும் கையேடுகளுடன் வந்து, தொழில்நுட்பக் கல்வி பெறாதவரையும் கருவி ஆக்குவோராக்கின. எனினும், அவற்றிலே வடிகட்டி முதலிய நுண்ணிய உறுப்புகள் தொழிற்சாலையிலேயே சரிசெய்யப்பட்டு வந்தன. 1970களில் யப்பானிய நிறுவனங்களின் கருவிகள் உலகச் சந்தையை நிறைத்தபோது, கட்டவேண்டிய தேவையே பலருக்கு இல்லாதுபோயிற்று. 1992இல் ஹீத்கிற் தன் கட்டுத்தொகுதி வணிகத்தை நிறுத்தியது. தன் கருவியின் உள்ளே நடப்பதை அறியாத வானொலியாளர் தோன்றினர். இதனை முழுமையான வீழ்ச்சியென்று சொல்லிவிட முடியாது; உறுதியான குரல் பலருக்குக் கிட்டியது. ஆனால், பழுதுற்றால் தானே திருத்தும் ஆற்றலும், ஏன் அவ்வாறு இயங்குகிறது என்று வினவும் பழக்கமும் குன்றின.

இம்மாற்றம் எல்லா நாடுகளிலும் ஒரே அளவில் நிகழவில்லை. இந்தியாவில் இறக்குமதிக் கட்டுப்பாடுகளும் உயர்ந்த சுங்கத் தீர்வையும் நிலவிய காலத்திலே வெளிநாட்டுக் கருவி பெரும்பாலோர்க்கு எட்டாக்கனியாகவே இருந்தது. இராணுவ மிச்சப் பொருள்களும் 807 போன்ற பழைய வால்வுகளுமே அங்குப் பலரின் முதலாயின. பழைய முறைச் செலுத்தியை இவற்றைக்கொண்டு கட்டலாம். ஒற்றைப் பக்கப் பட்டைக்கான பளிங்கு வடிகட்டியைப் பெறுவதே பெருந் தடையாயிருந்தது.

மலிந்த பளிங்கின் வருகை

இத்தடையை நீக்கியது வேறொரு தொழிலின் வளர்ச்சி. வண்ணத் தொலைக்காட்சிக்கும் பின்னர் கணினிக்கும் வேண்டிய பளிங்குகள் கோடிக்கணக்கில் செய்யப்பட, அவற்றின் விலை வீழ்ந்தது. ஒரே மீடிறனுடைய பளிங்குகள் சிலவற்றை ஏணிப்படி போல வரிசையாய் இணைத்து வடிகட்டி அமைக்கும் முறை 1970களில் ஐரோப்பிய வானொலியாளரிடையே பரவியது. பளிங்கைத் தேய்க்க வேண்டியதில்லை. எளிய அலையமொன்றில் ஒவ்வொன்றாக இட்டு, மீடிறனால் நெருங்கியவற்றைப் பொறுக்கியெடுத்தாற் போதும்.

இந்நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில் ஹைதராபாத்தைச் சேர்ந்த அஷார் பர்ஹான் வெளியிட்ட ‘பிற்எக்ஸ்’ என்னும் திரான்சீவர் இவ்விழைகளையெல்லாம் ஒன்றாகப் பின்னியது. 14 மெகாஹேட்ஸில் ஏறத்தாழ 6 வாற்று வலுவுடன் பேசும் அக்கருவி, எங்கும் கிடைக்கும் சிறு திரான்சிற்றர்களையும் கணினிகளிற் பயன்படும் 10 மெகாஹேட்ஸ் பளிங்குகளையும் கொண்டது. சுருள் சுற்றுவதற்குத் தண்ணீர்க் குழாயின் வாசர் கூட அதிலே பயன்படுத்தப்பட்டது. அதன் பெருக்கிகள் இருதிசையிலும் இயங்குவன. வலு வழங்கும் பக்கத்தை மாற்றினாலே வாங்கி செலுத்தியாகின்றது.

அதன் இசைவாக்கல், மேலே கூறிய அரைநூற்றாண்டு அனுபவத்தின் சாரம் எனலாம். முதலில் மாறும் அலையம் 4 மெகாஹேட்ஸ் அளவில் நிலைநிறுத்தப்படுகின்றது. 10 உடன் 4 கூடி 14 ஆகின்றது. அடுத்து, வாங்கியில் இரைச்சலும் நிலையங்களின் ஒலியும் உச்சமாகுமாறு பட்டை வடிகட்டி சரிசெய்யப்படுகின்றது. பின்னர், பிறர் குரல் இயல்பாய் ஒலிக்கும்வரை காவி அலையத்தின் கொள்ளளவி திருப்பப்படுகின்றது. அதன்பின், ஒலிவாங்கியில் எதுவும் பேசாது செலுத்தி, அருகிலுள்ள வாங்கியில் கேட்கும் காவி அலை மறையுமட்டும் தடையும் கொள்ளளவியும் மாறிமாறித் தொடப்படுகின்றன. இறுதியில் வலுத் திரான்சிற்றரின் ஓய்வு மின்னோட்டம் அமைக்கப்படுகின்றது. பல்மீற்றர் ஒன்றும் இன்னொரு வாங்கியும் நல்ல செவியும் இருப்பின், இப்பணியின் பெரும்பகுதி முடிந்துவிடும். 1927இல் ஒரு கண்டத்தின் தொலைபேசி நிறுவனம் செய்ததை, ஒரு மாணவனின் மேசை செய்யலாயிற்று.

இத்தகைய சிற்றலைக் குரலின் பெறுமதியை 2004 திசெம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை உணர்த்தியது. அந்தமான் தீவுகளில் தொலைபேசிகள் செயலிழந்தபோது, வானொலிப் பயணமொன்றுக்காக அங்குச் சென்றிருந்த பாரதி பிரசாத் முதலிய இந்தியப் பொழுதுபோக்கு வானொலியாளர், தீவுக்கும் வெளியுலகுக்குமிடையே செய்திகளைக் கடத்தினர். இலங்கையிலும் பொழுதுபோக்கு வானொலியாளர் அம்பாந்தோட்டையைக் கொழும்போடு சிற்றலையில் இணைத்தனர். கோபுரங்களும் கம்பிகளும் வீழ்ந்தவிடத்து, ஒரு மின்கலமும் ஒரு நீளக் கம்பியும் அவற்றைக் கையாளத் தெரிந்தவரும் இருந்தமை உயிர்களோடு தொடர்புடைய விடயமாயிற்று. கையாளத் தெரிந்தவர் என்ற சொல்லே இங்கு முதன்மை பெறுகின்றது.

இன்று இசைவாக்கலின் பெரும்பகுதி கணினி நிரலுக்குள் சென்றுவிட்டது. 1950இல் பலரும் திருகாணிகளோடு போராடிய அவத்தை முறை, எண்களின் கணிப்பாக உருமாறி மீண்டும் வந்துள்ளது. பிற்எக்ஸின் பிந்திய வடிவங்களும் சோதிக்கப்பட்ட பலகைகளாகவே விற்கப்பட்டன. எனினும், காவி அலை எங்கே நிற்கவேண்டும், குரல் எவ்வளவு இடத்தில் அடங்கவேண்டும், பெருக்கி எவ்விடத்தில் தன் எல்லையை அடைகிறது என்ற வினாக்கள் மாறவில்லை. விடை திருகாணியின் முனையில் இருந்தாலென்ன, நிரலின் ஒரு வரியில் இருந்தாலென்ன, அதைத் தேடத் தெரிந்தவர் வேண்டும். கார்சனின் கருத்து 1915இலேயே காப்புரிமை விண்ணப்பமாக வடிவு பெற்றிருந்தது. அதைத் தம்முடையதாக்கிக்கொண்டவர்கள், அதனை அளக்கவும் திருத்தவும் கற்றுக்கொண்ட பின்னரே அவ்வாறு செய்தனர். தொழில்நுட்பத்தை விலைகொடுத்து வாங்குவதற்கும் உரிமையாக்கிக்கொள்வதற்கும் உள்ள வேறுபாட்டை, வீட்டில் ஆக்கிய அந்தச் சிறு பெட்டிகளின் வரலாறு தெளிவாகக் காட்டி நிற்கின்றது.